ஆறு வயதில் வரும் பல்லும் அதன் வேரும்



சென்ற இதழில் பிள்ளைகளின் வளர்ச்சி அட்டையைப் பற்றிக் கதைத்தோம். நிறை, உயரம், தடுப்பூசி எல்லாவற்றையும் கவனமாகப் பார்க்கின்ற தாய்மார்கூட ஒரு விடயத்தைத் தவறவிட்டு விடுகின்றார்கள். அது பிள்ளையின் வாய்க்குள் நடக்கும் வளர்ச்சி. அதிலும் முரசுக்குள்ளே, கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் வேரின் வளர்ச்சி. இதை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு ஒரு சிறுமிதான் காரணம்.

இரண்டு வருடங்களுக்கு முன்னர் வன்னியில் ஒரு கிராமத்தில் மாதாந்த மகளிர் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. பாடசாலை நாள். ஆனாலும் எட்டு வயதுப் பிள்ளை ஒன்று தாயின் மடியில் தலைவைத்துப் படுத்திருந்தாள். ஒரு கை கன்னத்தைப் பொத்தியபடி இருந்தது. என்ன என்று கேட்டேன்.

"பல்லுக்குத்து மிஸ். மூண்டு நாளாப் பள்ளிக்கூடம் போகேல்லை. கராம்பு வைச்சுப் பாத்தன், பனடோலும் குடுத்தன். பால்பல்லுத்தானே, விழுந்திட்டால் சரியாப்போயிடும்" என்றார் தாய்.

கைத்தொலைபேசி வெளிச்சத்தில் வாயைப் பார்த்தேன். கீழ்வரிசையில் எல்லாவற்றுக்கும் பின்னால் இருந்த பெரிய பல்லில் கறுப்பாக ஒரு குழி. எனக்கும் அப்போது அது பால்பல்லா, நிரந்தரப்பல்லா என்று உறுதியாகத் தெரியவில்லை. மறுநாள் மூவருமாக பஸ் ஏறி வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவுக்குப் போனோம். பல் வைத்தியர் பார்த்த உடனேயே சொன்னார்: "இது பால்பல் இல்லை அம்மா. ஆறு வயதில வந்த நிரந்தரப்பல். விழுந்தால் திரும்ப வராது."

தாய் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு தனது கன்னத்தை விரலால் விலக்கிக் காட்டினார். கீழே இரு பக்கமும் அதே இடத்தில் பல் இல்லை. "2009இல செட்டிகுளம் முகாமில இருக்கேக்க எனக்குப் பதின்மூண்டு வயசு. குத்துத் தாங்கேலாமல் ரெண்டையும் பிடுங்கினது. அது இனி முளைக்காது எண்டு எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. கனநாள் பாத்துக்கொண்டிருந்தனான்" என்றார்.

அந்த வசனம் எனக்குள் நின்றுவிட்டது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வளர்ந்த பிள்ளைகளுக்குப் பல் வைத்தியர் எங்கே, பல்லைப் பற்றிச் சொல்லிக்கொடுக்க ஆள் எங்கே? அன்று உயிர் தப்புவதே பெரிய காரியமாக இருந்தது. அந்தப் பிள்ளைகள்தான் இன்று தாய்மார். தமக்குத் தெரியாமல் போனது தம் பிள்ளைகளுக்கும் தெரியாமல் போகக்கூடாது அல்லவா? ஆகவே இம்மாதம் பல்லின் வேரைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

பால்பல்லுக்கு வேர் இல்லையா?

"பால்பல்லுக்கு வேர் இல்லை" என்று எம்மவர் பலர் நம்புகின்றனர். விழுந்த பல்லைக் கையில் எடுத்துப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். ஒரு சிறு தொப்பி போல மேற்பகுதி மட்டுமே இருக்கும். ஆனால் உண்மை அதுவல்ல. பால்பற்கள் இருபதுக்கும் வேர் உண்டு. முன்பற்களுக்கு ஒவ்வொரு வேர். கீழ்த்தாடையின் கடைவாய்ப் பால்பல்லுக்கு இரண்டு, மேல்தாடையின் கடைவாய்ப் பால்பல்லுக்கு மூன்று.

அப்படியானால் அந்த வேர் எங்கே போனது? அதன் கீழே நிரந்தரப்பல் உருவாகி மேலே வரத் தொடங்கும்போது, சில விசேட கலங்கள் பால்பல்லின் வேரை நுனியிலிருந்து சிறிது சிறிதாகக் கரைத்து விடுகின்றன. முன்பற்களில் இந்த வேலை பிள்ளைக்கு 4, 5 வயதாகும்போதே ஆரம்பித்து விடுகின்றது. வேர் முழுவதும் கரைந்து பிடி இல்லாமல் போனதும் பல் ஆடி விழுகின்றது. சிலருக்குக் கீழே நிரந்தரப்பல் உருவாகாமலே இருந்துவிடும். அப்படிப்பட்டவர்களுக்குப் பால்பல்லின் வேர் கரையாமல், வளர்ந்த பிறகும் அந்தப் பால்பல் நிற்பதைக் காணலாம்.

கடைவாய்ப் பால்பல்லின் வேர்கள் காலை அகட்டி நிற்பது போல விரிந்திருக்கும். அந்த அகட்டுக்கு நடுவில்தான் நிரந்தரப்பல்லின் குருத்து பத்திரமாக இருக்கின்றது. ஆகவே "பால்பல்தானே, சூத்தையானால் என்ன" என்று விட்டுவிட முடியாது. சூத்தை வேர்வரை இறங்கிச் சீழ் கட்டினால், அந்தச் சீழ் வரப்போகும் பல்லின் பக்கத்திலேயே நிற்கும். சில பிள்ளைகளுக்கு நிரந்தரப்பல் புள்ளி விழுந்தோ குழி விழுந்தோ வருவதற்கு இதுவும் ஒரு காரணம். நேரத்துக்கு முன்பே பால்பல்லைப் பிடுங்கிவிட்டால் பக்கத்துப் பல் சரிந்து இடத்தைப் பிடித்துவிடும். அப்போது புதிய பல் நெருக்கியடித்துக் கோணலாக வரும்.

வேர் எப்படி உருவாகின்றது?

பனங்கொட்டையைப் பாத்தியில் புதைத்தால் என்ன நடக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். முதலில் கீழ்நோக்கிக் கிழங்கு இறங்கும். அதன் பின்னரே ஓலை மேலே எட்டிப் பார்க்கும். பல் இதற்கு நேர்மாறு. முதலில் உருவாவது வெளியே தெரியப்போகும் மேற்பகுதி. அதைப் பல்முடி என்பர். முடி முழுமையடைந்த பின்னரே வேர் இறங்கத் தொடங்குகின்றது.

பல்முடியின் வெளிப்புறம் மிளிரி, அதாவது எனாமல். எமது உடம்பிலேயே மிகவும் கடினமான பொருள் இதுதான். அதற்குள்ளே டென்டீன் என்ற, எலும்பை ஒத்த பகுதி. நடுவில் இரத்தக் குழாயும் நரம்பும் ஓடும் மென்மையான பற்கூழ். எனாமலை உருவாக்கிய கலங்களின் விளிம்பு, முடி முடிந்ததும் இரு படைகளாகச் சேர்ந்து ஒரு மெல்லிய உறையாகக் கீழ்நோக்கி வளர்கின்றது. 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஜேர்மன் அறிஞர் ஒஸ்கார் ஹேர்ட்விக்கின் பெயரால் இதனை ஹேர்ட்விக் உறை என்று அழைக்கின்றனர். வேரின் நீளம், வடிவம், எண்ணிக்கை எல்லாவற்றையும் தீர்மானிப்பது இந்த உறைதான். மண்வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பலகை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகை எப்படி நிற்கின்றதோ அப்படியே சுவர் எழும்பும்.

உறையின் உட்புறத்தில் இருக்கும் கலங்கள் டென்டீனைப் படிய வைக்கின்றன. சிறிதளவு டென்டீன் படிந்ததும், அந்த இடத்தில் பலகையின் வேலை முடிந்துவிடுகின்றது. உறை பிரிந்து போகின்றது. அந்த இடைவெளியினூடாக வெளியே இருந்த வேறு கலங்கள் வந்து டென்டீனின் மேல் ஒரு மெல்லிய பூச்சுப் பூசுகின்றன. இதற்குப் பற்சீமெந்து என்று பெயர். வேருக்கு எனாமல் கிடையாது. இந்தச் சீமெந்துப் பூச்சுத்தான் அதன் போர்வை.

பல் எலும்பில் நேரடியாக ஒட்டிக்கொண்டிருக்கின்றது என்றுதான் நாம் நினைக்கின்றோம். அப்படி இல்லை. வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையில் ஒரு மில்லிமீற்றரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி உண்டு. அந்த இடைவெளி முழுவதும் நுண்ணிய நார்கள். நாரின் ஒரு முனை வேரின் சீமெந்துக்குள்ளும் மறுமுனை எலும்புக்குள்ளும் புதைந்திருக்கும். பிள்ளையை ஏணையில் வளர்த்துவது போல, பல் அந்த நார்களில் தொங்கிக்கொண்டிருக்கின்றது. கடிக்கும்போது வரும் அழுத்தத்தை இந்த நார்களே தாங்குகின்றன. சோற்றில் ஒரு சிறு கல் அகப்பட்டாலும் உடனே உணர்கின்றோம் அல்லவா? அதற்கும் இந்த நார்ப்படையில் உள்ள நரம்புகளே முக்கிய காரணம்.

எல்லாப் பல்லுக்கும் வேர் ஒரே அளவு அல்ல. வெட்டும் பல்லுக்கும் வேட்டைப்பல்லுக்கும் ஒவ்வொரு வேர். வேட்டைப்பல்லின் வேர்தான் எல்லாவற்றிலும் நீளமானது. கீழ்க் கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் முன்னும் பின்னுமாக இரண்டு வேர். மேல் கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் மூன்று வேர், இரண்டு கன்னப்பக்கம், ஒன்று அண்ணப்பக்கம். அதிக பாரம் தாங்கி அரைக்க வேண்டிய பல்லுக்கு அதிக கால்கள்.

முளைத்த பல் முடிந்த பல் அல்ல

இனித்தான் நான் சொல்லவந்த முக்கியமான விடயம். ஒரு நிரந்தரப்பல் முரசைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்போது அதன் வேர் முழுமையடைந்திருப்பதில்லை. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் உருவாகியிருக்கும். வேரின் நுனி ஒரு குழாயைப் போல அகலமாகத் திறந்திருக்கும். அது நீண்டு, சுவர் தடித்து, நுனி ஒடுங்கி முடிவதற்கு மேலும் இரண்டு, மூன்று வருடங்கள் எடுக்கும்.

ஆறு வயதுப் பல்லையே எடுத்துக்கொள்வோம். அதன் முடி பிள்ளை பிறக்கும் வேளையிலேயே கடினமாகத் தொடங்குகின்றது. மூன்று வயதளவில் முடி முழுமையடைகின்றது. ஆறு வயதளவில் வாய்க்குள் வருகின்றது. வேர் முடிவதோ 9, 10 வயதில். மேல் முன்பல் 7, 8 வயதில் வரும். அதன் வேர் முடிய 10 வயதாகும். மேல் வேட்டைப்பல் 11, 12 வயதில் வந்து, 13 முதல் 15 வயதுக்குள் வேர் முடிக்கும். ஞானப்பல்லின் வேர் முடிய 18 முதல் 25 வயதுவரை செல்லும்.

இந்த வேரைக் கட்டுவதற்கான வேலையாட்கள் பற்கூழுக்குள்ளேயே இருக்கின்றார்கள். சூத்தை பற்கூழைத் தொட்டு அது செத்துவிட்டால் வேரின் வளர்ச்சி அந்த இடத்திலேயே நின்றுவிடும். சுவர் மெல்லியதாகவும் நுனி திறந்தபடியும் பாதியில் விடப்பட்ட வீடு போல வேர் நிற்கும். அப்படிப்பட்ட பல்லுக்குப் பிறகு வைத்தியம் செய்வது கடினம். இலகுவில் உடையவும் கூடும். ஆகவே ஆறிலிருந்து பத்து வயதுவரையான காலம் இந்தப் பல்லுக்கு மிகவும் ஆபத்தான காலம்.

ஆனால் அதே காலத்தில்தான் நாங்கள் அதைக் கவனிக்காமல் விடுகின்றோம். ஏன்? அந்தப் பல் எந்தப் பால்பல்லும் விழாத இடத்தில், எல்லாவற்றுக்கும் பின்னால், சத்தமில்லாமல் வருகின்றது. முன்பல் ஆடினால் வீடே கொண்டாடும். விழுந்த பல்லைக் கூரையில் எறிவோம். பின்னால் வந்த பல்லை ஒருவரும் காண்பதில்லை. கண்டாலும் பால்பல் என்று நினைக்கின்றோம். அதன் மேற்புறத்தில் ஆழமான பள்ளங்கள் உண்டு. பிஸ்கற்றும் ரொபியும் அதற்குள் போய் ஒட்டிக்கொள்ளும். பிள்ளையின் கையில் கொடுக்கும் பிறஸ்சும் அவ்வளவு தூரம் எட்டாது.

அந்தச் சிறுமிக்கு நடந்தது

நான் சொன்ன சிறுமியின் தாய் வைத்தியரிடம் முதலில் கேட்டது, "பிடுங்கி விடுங்கோ டொக்டர், பிள்ளை கஷ்டப்படுது" என்பதுதான். அவர் கேட்டதில் பிழை இல்லை. கச்சான் தோட்டத்தில் நாட்கூலிக்குப் போகின்றவர். ஒரு நாள் வைத்தியசாலைக்கு வந்தால் ஒரு நாள் சம்பளம் இல்லை. பஸ் காசு வேறு. பிடுங்கினால் ஒரு நாளோடு வேலை முடிந்துவிடும்.

வைத்தியர் எக்ஸ்றே படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். இரண்டு வேரின் நுனியும் திறந்திருந்தன. "இந்த வேர் இன்னும் வளர்ந்து முடியேல்லை. மேல்பக்கக் கூழ்தான் பழுதாகியிருக்கு. கீழ்ப்பக்கம் உயிரோட இருந்தால் பல்லைக் காப்பாற்றலாம். மூன்று, நான்கு தடவை வரவேண்டி வரும். உறுதி தரமாட்டன், ஆனால் முயற்சி செய்து பார்க்கலாம்" என்றார்.

தாய் படத்தையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, "வாறன் டொக்டர்" என்றார்.

விறைப்பு ஊசி போட்டு, பழுதான மேற்பகுதிக் கூழை மட்டும் நீக்கி, உயிருள்ள கீழ்ப்பகுதியின் மேல் மருந்து வைத்து, பல்லை அடைத்து விட்டார்கள். அன்று இரவே பிள்ளை நித்திரை கொண்டாள். சொல்லப்பட்ட ஒவ்வொரு தவணைக்கும் தாய் கூட்டிச் சென்றார். ஒரு தவணைக்கு அவரால் போக முடியாதபோது கூட்டத்தில் உள்ள இன்னொரு பெண் தன் பிள்ளையோடு சேர்த்து இவளையும் கூட்டிப்போனார். இப்போது அவளுக்குப் பத்து வயது. அண்மையில் எடுத்த படத்தில் இரண்டு வேரின் நுனியும் ஒடுங்கி மூடியிருந்தன.

ஒன்றைக் கவனியுங்கள். வலிக்குப் பனடோல் கொடுத்தது பிழை அல்ல. வலி குறைந்ததும் "சரியாகிவிட்டது" என்று இருந்துவிடுவதுதான் பிழை. கடும் வலி திடீரென்று தானாக நின்றால், சில வேளைகளில் கூழ் செத்துவிட்டது என்பதே அதன் பொருள். அப்போதுதான் சீழ் உள்ளே இறங்கத் தொடங்கும். வெற்றிலைச் சுண்ணாம்பு, பற்றரி மை, பெற்றோல் போன்றவற்றைப் பல்லுக்குள் வைப்பதை அடியோடு நிறுத்த வேண்டும். அவை முரசையும் நாக்கையும் புண்ணாக்கும். கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்தால், வாய் திறக்கவோ விழுங்கவோ கஷ்டப்பட்டால், தவணைக்குக் காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

பல் அடிபட்டுக் கழன்றால்

பிள்ளைகள் சைக்கிளால் விழுவார்கள், கிரிக்கெற் பந்து படும். நிரந்தர முன்பல் வேரோடு கழன்று விழுந்தால் பல்லைத் தேடி எடுங்கள். எறிந்துவிட வேண்டாம். முடிப் பக்கத்தைப் பிடித்துத் தூக்க வேண்டும், வேரைத் தொடக்கூடாது. நான் முன்னர் சொன்ன நார்களின் உயிருள்ள கலங்கள் வேரின் மேல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவை இருந்தால்தான் பல் திரும்பவும் பிடிக்கும். மண் பட்டது என்று உரஞ்சிக் கழுவினால் அவை போய்விடும். அழுக்கு இருந்தால் பாலிலோ சுத்தமான தண்ணீரிலோ சில விநாடிகள் மட்டும் அலசி, பல் இருந்த குழியிலேயே திரும்ப வைத்து, சுத்தமான துணியைக் கடிக்கச் சொல்லி, உடனே பல் வைத்தியரிடம் செல்லுங்கள்.

வைக்க முடியாவிட்டால் ஒரு கோப்பை குளிர்ந்த பாலில் போட்டுக் கொண்டுபோங்கள். பால் இல்லாவிட்டால் பிள்ளையின் எச்சிலை ஒரு பாத்திரத்தில் துப்பச் செய்து அதற்குள் வையுங்கள். தண்ணீருக்குள் ஊறவைக்கக் கூடாது. கடதாசியில் சுற்றிக் காயவும் விடக்கூடாது. ஒரு மணித்தியாலத்துக்குள் போய்ச் சேர்ந்தால் நம்பிக்கை அதிகம். வேரின் நுனி இன்னும் மூடாத ஏழு, எட்டு வயதுப் பிள்ளைக்கு, அந்தத் திறந்த வாசலால் இரத்த ஓட்டம் மீண்டும் உட்செல்லும் வாய்ப்பும் உண்டு. கழன்றது பால்பல்லானால் திரும்ப வைக்க வேண்டாம். வைத்தால் கீழே உள்ள குருத்துக்குச் சேதம் வரலாம்.

வயதைச் சொல்லும் வேர்

வேர் வளரும் ஒழுங்கு எல்லாப் பிள்ளைகளிலும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருப்பதால் அது வயதையும் சொல்லும். 1973இல் கனடாவில் டெமிர்ஜியன் என்பவரும் அவருடன் சேர்ந்தோரும் கீழ்த்தாடையின் இடப்பக்கப் பற்கள் ஏழையும் எக்ஸ்றேயில் பார்த்து, ஒவ்வொரு பல்லின் வளர்ச்சியையும் எட்டுப் படிகளாகப் பிரித்தார்கள். முதற் பாதி முடியின் வளர்ச்சி, மறுபாதி வேரின் வளர்ச்சி. இந்த முறை உலகின் பல நாடுகளில் இன்றும் பயன்படுத்தப்படுகின்றது. நாள், மாதம் என்று திட்டமாகச் சொல்லாது. ஒன்றிரண்டு வருட வித்தியாசம் வரலாம். ஆனாலும் போசாக்குக் குறைந்த பிள்ளையின் உயரம் பின்தங்கும் அளவுக்குப் பல்லின் வளர்ச்சி பின்தங்குவதில்லை. மெலிந்து குள்ளமாக இருக்கும் பிள்ளையின் வயதைத் தோற்றத்தைப் பார்த்துக் குறைத்து மதிப்பிடுவதைவிட இது நம்பகமானது.

இடப்பெயர்வின்போது பிறப்புப் பதிவு செய்ய முடியாமற் போன பிள்ளைகளைப் பற்றி எங்களுக்குத் தெரியும். பதிவும் இல்லை, பதிந்த இடமும் இல்லை என்ற நிலையில் உத்தேச வயதை மதிப்பிட வைத்திய அதிகாரியிடம் அனுப்புவார்கள். அவர் வாயைத் திறக்கச் சொன்னால் ஏன் என்று பயப்பட வேண்டாம். பல்லும் ஒரு சாட்சி.

இன்னொரு விடயத்தையும் சொல்லத் தயக்கமாக இருக்கின்றது. எங்களில் பலர் யாரையோ தேடிக்கொண்டிருப்பவர்கள். 2018இல் மன்னாரிலும் 2025இல் செம்மணியிலும் மனிதப் புதைகுழிகள் அகழப்பட்டபோது சிறுவர்களின் எலும்புக்கூடுகளும் வெளிவந்தன. இத்தகைய இடங்களில் ஒரு பிள்ளையின் வயதை மதிப்பிட நிபுணர்கள் முக்கியமாகப் பார்ப்பவற்றுள் ஒன்று பல்லின் முடியும் வேரும் எவ்வளவு வளர்ந்திருக்கின்றன என்பது. மரபணுவையும் பல் நீண்டகாலம் பாதுகாத்து வைத்திருக்கக் கூடியது. ஆகவே காணாமற் போனவரின் விபரங்களைக் கொடுக்கும்போது, எந்தப் பல் உடைந்திருந்தது, எது பிடுங்கப்பட்டிருந்தது, பல் அடைத்திருந்தாரா என்பவை நினைவிருந்தால் அவற்றையும் சொல்லுங்கள். சிரித்தபடி எடுத்த புகைப்படம் இருந்தால் அதனைப் பத்திரப்படுத்துங்கள். இது யாருடைய நம்பிக்கையையும் குறைப்பதற்காகச் சொல்வதல்ல.

அம்மாவின் பல்லும் பல்தான்

பிள்ளைகளின் பல்லைப் பற்றி இவ்வளவு சொன்ன பிறகு உங்கள் பல்லைப் பற்றியும் கேட்க வேண்டும். கூட்டங்களில் நான் சந்திக்கும் பெண்களில் வலியைத் தாங்கிக்கொண்டு ஒரு பக்கத்தால் மட்டும் சாப்பிடுபவர்கள் பலர். வீட்டில் யாருக்கு முதலில் வைத்தியம் என்றால் பிள்ளைக்கு, பிறகு உழைக்கின்றவருக்கு, கடைசியில்தான் தாய்க்கு. உழைக்கின்றவரும் தாயே என்றாலும் வரிசை மாறுவதில்லை. இது ஒரு வீட்டின் பழக்கம் அல்ல, எமது சமூகத்தின் பழக்கம்.

"ஒரு பிள்ளை பெற்றால் ஒரு பல் போகும்" என்று சில தாய்மார் என்னிடம் சொல்லியிருக்கின்றார்கள். பிள்ளை தாயின் பல்லிலிருந்து கல்சியத்தை உறிஞ்சுவதில்லை. கர்ப்ப காலத்தில் ஓமோன் மாற்றத்தால் முரசு வீங்கி இரத்தம் கசியும். வாந்தியின் புளிப்பு பல்லை அரிக்கும். அடிக்கடி சாப்பிடுவதால் சூத்தையும் கூடும். இவற்றைக் கவனிக்காமல் விடுவதால்தான் பல் போகின்றது. கர்ப்பமாக இருக்கும்போதும் பல் வைத்தியம் செய்யலாம், நடு மூன்று மாதங்கள் அதற்கு வசதியான காலம். கர்ப்பிணி என்பதை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தாய்மார் கிளினிக்கில் பல்லைக் காட்டச் சொல்லித் துண்டு தந்தால் அதை மடித்துக் கொப்பிக்குள் வைத்துவிட வேண்டாம்.

முரசு நோய் முற்றினால் வேரைப் பிடித்திருக்கும் நார்களும் எலும்பும் கரைந்து, சூத்தையே இல்லாத பல்லும் ஆடத் தொடங்கும். முரசு இறங்கினால் வேர் வெளியே தெரியும். அதற்கு எனாமல் இல்லாததால் குளிர்ந்த தண்ணீர் பட்டாலே கூசும், சூத்தையும் விரைவாகப் பிடிக்கும். உமிக்கரி, செங்கல் தூள், மணல் கொண்டு அழுத்தித் தீட்டுவது அந்த மெல்லிய பூச்சைத் தேய்த்துவிடும். மென்மையான பிறஸ்சும் புளோரைட் கலந்த பற்பசையும் போதும். விலை கூடியது தேவையில்லை.

இன்றிரவு செய்ய ஒரு வேலை

ஐந்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளை வீட்டில் இருந்தால், இன்றிரவு படுக்கமுன் வெளிச்சத்தில் வாயைத் திறக்கச் சொல்லுங்கள். பால்பற்கள் ஒரு பக்கத்தில் ஐந்து இருக்கும். முன்னிருந்து எண்ணிக்கொண்டு போங்கள். ஆறாவதாக ஒன்று இருந்தால் அதுதான் ஆறு வயதுப் பல். நான்கு மூலையிலும் பாருங்கள். பள்ளத்தில் கறுப்போ குழியோ தெரிந்தால், வலி வரும்வரை காத்திருக்க வேண்டாம். பாடசாலைப் பல் சிகிச்சை நிலையம் பக்கத்தில் இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் அரச வைத்தியசாலையின் பல் சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். அரச வைத்தியசாலையில் இதற்குக் கட்டணம் இல்லை. குழி இல்லாவிட்டாலும் பள்ளங்களை மருந்தால் அடைத்துப் பூச முடியுமா என்று கேளுங்கள். ஏழு, எட்டு வயதுவரை இரவில் பிள்ளையின் பல்லை நீங்களே தீட்டிவிடுங்கள். அதன் பிறகு தண்ணீரைத் தவிர வேறொன்றும் கொடுக்க வேண்டாம்.

அந்தத் தாய் இப்போது எமது கூட்டங்களுக்கு ஒரு சிறு டோர்ச் லைற்றோடு வருகின்றார். கூட்டம் முடிந்ததும் பிள்ளைகளை வரிசையாக நிற்க வைத்து, "ஆ எண்டு" என்று சொல்லி ஆறாவது பல்லைத் தேடுகின்றார். சென்ற மாதம் இரண்டு பிள்ளைகளைக் கண்டுபிடித்து வைத்தியசாலைக்கு அனுப்பினார். உங்கள் கிராமத்திலும் ஒருவர் இதைத் தொடங்கலாம்.

அடுத்த இதழில் சந்திப்போம்.